வலது கைப் பக்கம் மலை

அமெரிக்கா போய் வந்தேன் என்றால் எல்லாரும் பெரிய அருவியைப் பார்த்தாயா, உயரமான கட்டடத்தைப் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என்னை உலுக்கிப் போட்டது அவை இல்லை. ஓர் ஆற்றங்கரையில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கினோம். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன காரியம் பேறுகாலம். பெண் மல்லிகாவுக்குப் பென்சில்வேனியாவில் பிரசவம். நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புளி, மிளகாய்த் தூள், பிரசவ லேகியம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் கூட வந்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் வந்ததற்குப் பேரப்பிள்ளை ஒரு காரணம். தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராதது இன்னொரு காரணம்.

அதற்கு முந்தின வருஷம் தை மாதம்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்து, வேலூரில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். டாக்டர் இரண்டே விஷயம் சொல்லி அனுப்பினார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். நீள நடை கூடாது. முதலாவதை இவர் பாதி நாள் மறந்துவிடுவார். இரண்டாவதைக் காதிலேயே வாங்கவில்லை.

திருவண்ணாமலைக்காரருக்கு நீள நடை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பௌர்ணமி வந்தால் மலை சுற்ற வேண்டும். அப்போதெல்லாம் இவ்வளவு ஜனம் கிடையாது. புழுதி ரோட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பேர் நடந்து போவார்கள். செருப்பில்லாமல், மலையை வலது கைப் பக்கமாக வைத்துக்கொண்டு நடப்பார் இவர். அடி அண்ணாமலை தாண்டி, சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவார். எட்டரை மைல். ஆஸ்பத்திரியில் படுக்கிற வரைக்கும் முப்பது வருஷமாக ஒரு பௌர்ணமி விட்டதில்லை. வேலூரிலிருந்து வந்த பிறகு நான் கத்த ஆரம்பித்தேன். அவர் சொல்லிக்கொள்ளாமல் போக ஆரம்பித்தார். வாசலில் செருப்பு கிடந்து ஆள் இல்லையென்றால் மலைக்குப் போயிருக்கிறார் என்று நான் புரிந்துகொள்ள வேண்டும். திரும்பி வருகிற வரைக்கும் அடுப்படியில் என் கை எதையாவது போட்டு உடைக்கும்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் மாப்பிள்ளை சேகர், "ஸ்டேட் பார்க்குக்குப் போலாம் அத்தை, ஆத்தோரமா டென்ட் போட்டுத் தங்கலாம்" என்றார். பார்க் என்றால் எனக்குத் தெரிந்தது சாத்தனூர் அணைப் பூங்காதான். சிமென்ட் பொம்மை, முதலைப் பண்ணை, பொரித்த மீன். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு நல்ல சேலையாக இரண்டு எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினோம். பொம்மையும் இல்லை, ஒரு டீக்கடையும் இல்லை. காடுதான். சர்க்கார் காடு. மரத்துக்கு மரம் இடம் விட்டு, மண்ணைச் சமன் பண்ணி, ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் போட்டு, ஒரு மர மேசையும் அடுப்பு மூட்ட ஓர் இரும்பு வளையமும் வைத்திருந்தார்கள். சொந்த வீட்டில் மெத்தையும் ஏ.சி.யும் இருக்கிற ஜனங்கள், கொசுவுக்கு நடுவில் துணி வீட்டில் படுப்பதற்காகக் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் ஊரில் வீடில்லாதவன்தான் அப்படிப் படுப்பான்.

"இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்து கஷ்டப்படுறாங்க?" என்று இவர் கேட்டார்.

"அதான் மாமா சந்தோஷம்" என்றார் மாப்பிள்ளை. கார் டிக்கியைத் திறந்த பிறகு அவர் சந்தோஷம் போய்விட்டது. டென்ட் கம்பி இருக்கிற பை என்று அவர் எடுத்து வந்தது, மல்லிகா துணி காயப் போடுகிற மடக்கு ஸ்டாண்டு. கம்பிப் பை வீட்டிலேயே கிடந்தது. மல்லிகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து இடத்தில் வால்ட்டர் என்று ஒரு கிழவரும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். நாங்கள் கூப்பிடவே இல்லை. கிழவர் கயிற்றுச் சுருளோடு வந்தார், இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினார், எங்கள் துணியை அதன் மேல் போட்டு நாலு மூலையையும் இழுத்து அடித்தார். கால் மணி நேரத்தில் வீடு நின்றது. காப்பி கொடுக்கலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் போய்விட்டார்.

நான் வாயைப் பிளந்தது குழாயடியில். நடுக் காட்டில் ஒரு கட்டடம், அதில் குழாயைத் திறந்தால் சுடு தண்ணீர். வெளியில் விறகு கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது, காவலுக்கு ஆள் இல்லை. ஓர் உண்டியல் மட்டும் இருந்தது. வருகிறவர்கள் அவர்களாகவே காசைப் போட்டுவிட்டு ஒரே ஒரு கட்டு எடுத்துப் போனார்கள். நம்ம ஊராக இருந்தால் முதலில் உண்டியல் போயிருக்கும்.

மலையை முதலில் பார்த்தது இவர்தான். கூடாரத்துக்குப் பின்னால், ஆற்றை ஒட்டியே எழும்பி நின்றது. செங்கம் ரோட்டிலிருந்து பார்க்கும்போது நம் மலை நிற்குமே, அந்த மாதிரி தனியாக, கூம்பாக. உடம்பு முழுக்க மரம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பியபடி நின்றார். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஆறுதான். ஆனி மாதம் அது, வெயில் காய்கிற காலம். எங்கள் செய்யாற்றில் அப்போது மணல் லாரிதான் ஓடும். இங்கே கரைக்குக் கரை தண்ணீர். சத்தமே போடாமல், யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. குனிந்தால் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது. நான் முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். இத்தனை தண்ணீரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் திருப்பிவிட்டால் என்னவாகும் என்று யோசித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகைக்கு மல்லிகா காரணம் கேட்டபோது கண்ணில் தூசி என்றேன்.

மத்தியானம் வால்ட்டரின் மனைவி நெருப்பில் சுட்ட சோளக் கதிருக்கு வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தாள். பதிலுக்கு நான் புளியோதரை கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள், மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தாள், முகம் சிவந்து போய், "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா" என்று தட்டை நீட்டினாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

இவர் மட்டும் மலைப் பேச்சாகவே இருந்தார். மாப்பிள்ளையை விட்டு வால்ட்டரிடம் அதன் பெயரைக் கேட்கச் சொன்னார். இந்தப் பக்கத்தில் எல்லாரும் சும்மா 'மலை' என்றுதான் சொல்வோம் என்றார் கிழவர்.

"பேரு கூட வைக்காம உட்டுட்டாங்களே" என்று இவர் வருத்தப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சுத்தி வர எவ்ளோ நேரம் ஆவும் மாப்பிளே?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை அடுப்பில் கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூணு மணி நேரம் இருக்கும் மாமா" என்றார். இவர் அன்றைக்குக் கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தயிர் சோறு சாப்பிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து ஆறு மணிக்கு எழுந்தேன். கூடாரத்து வாசலில் அவர் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. ஆள் இல்லை. கயிற்றில் சட்டை தொங்கியது. பையைத் தொட்டேன். மாத்திரை டப்பா உள்ளேயே இருந்தது.

ஊரிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த காலண்டர்த் தாளைப் பெட்டிக்குள் அவர் மடித்து வைத்திருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அன்று பௌர்ணமி. இங்கே விடிகிறபோது அங்கே பொழுது சாய்ந்து, ஜனங்கள் நடக்கக் கிளம்புவார்கள். அவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியிருக்கிறார் மனுஷர்.

மூன்று மணி நேரம்தானே என்று ஒன்பது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்ததும் என்ன என்ன கேட்பது என்று வரிசையாக அடுக்கி வைத்தேன். ஒன்பதரை ஆயிற்று. அடுக்கி வைத்ததெல்லாம் மறந்து போயிற்று. வால்ட்டரிடம் ஓடினேன். விடியும்போது பார்த்ததாகச் சொன்னார். மேல் துண்டோடு, வெறுங்காலோடு, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆற்றோரப் பாதையில் நீர் வருகிற திசையைப் பார்த்துப் போனாராம். "பிரார்த்தனை போலிருந்தது, அதனால் நான் கூப்பிடவில்லை" என்றார்.

குழந்தையையும் மல்லிகாவையும் கூடாரத்தில் விட்டுவிட்டு, நானும் மாப்பிள்ளையும் பார்க் ஆபீசுக்குப் போனோம். அங்கே அதிகாரியாக இருந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பழுப்பு உடுப்பு, அகலத் தொப்பி. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். பெயர், வயது, நெஞ்சு வியாதி உண்டு, மாத்திரை கையில் இல்லை.

"எந்த மாதிரி ஷூ? தடம் பார்த்துப் போக வேண்டும்."

"ஷூ இல்லை" என்றார் மாப்பிள்ளை.

"எங்கே போகக் கிளம்பினார்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னேன்: "எங்கேயும் இல்லை. இங்கேயே திரும்பி வரத்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மலையைச் சுற்றி வரப் போயிருக்கிறார் என்று விளக்கியதும் எழுந்து சுவரில் இருந்த படத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். "அம்மா, இதற்குப் பின்பக்கம் கிடையாது" என்று விரலை வைத்து இழுத்தாள். நாங்கள் கூடாரம் போட்டிருந்தது மலையின் மூக்குக்கு நேர் எதிரில். அங்கிருந்து பார்த்தால்தான் அது தனி மலை. பின்னால் அது ஆற்றோடு கூடவே நீண்டு, நாற்பது மைல் போய், இன்னொரு மலையில் ஏறிக்கொள்கிறது. அவள் விரல் படத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான் அத்தை, மூணு மணி நேரம்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன்" என்றார். அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

வழி தவறியவர்கள் பெரும்பாலும் மேட்டில் ஏறிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் வண்டிச் சத்தம் கேட்கிற ரோட்டுப் பக்கம் இறங்குவார்கள், அங்கேதான் ஆள் அனுப்பப் போகிறேன் என்றாள் அதிகாரி. ஒயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அங்கே வேண்டாம்" என்றேன்.

"அத்தை, அவங்க வேலையை அவங்க பாக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "இதெல்லாம் அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

புரிகிற மாதிரி சொன்னேன். என் வீட்டுக்காரர் மலை மேல் ஏற மாட்டார், எங்களுக்கு மலைதான் சாமி. அதன் அடிவாரத்தை விட்டு விலக மாட்டார். மலை எப்போதும் அவருடைய வலது கைப் பக்கம் இருக்கும். என்ன ஆனாலும் பாதியில் திரும்பி நடக்க மாட்டார். இந்த நாலையும் விரல் விட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே, "திரும்பவே மாட்டாரா?" என்று கேட்டாள்.

"முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை."

அவள் ஆற்றோரப் பாதையின் மேல் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினாள். அங்கே பாறை செங்குத்தாக ஆற்றுக்குள்ளேயே இறங்குகிறது, பாதை அதோடு சரி, அதைத் தாண்டி மனிதர்கள் போக முடியாது என்றாள். "ஐந்து மைல். படகில் போய்விடலாம், நீங்களும் வாருங்கள்." ரோட்டுப் பக்கம் தேட மாப்பிள்ளையை இன்னொரு ஆளோடு வண்டியில் ஏற்றிவிட்டாள்.

மோட்டார் படகு. அவள்தான் ஓட்டினாள். என் ஜென்மத்தில் அவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. வலது பக்கம் மலை, மரத்துக்கு மேல் மரமாக, விடாமல் கூடவே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் இதோடு முடியும் என்று நினைப்பேன், திரும்பினால் இன்னும் பெரிதாக நிற்கும். ஒரு மான் தண்ணீர் குடித்துவிட்டு எங்களைப் பார்த்தது. புருஷனைக் காணோம் என்று தேடிப் போகிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படலாமா என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. தண்ணீரில் ஏதாவது வெள்ளையாகத் தெரிந்தால் எட்டிப் பார்ப்பேன். நுரையாக இருக்கும்.

பாறை வந்தது. அதன் காலடியில், பாதை முடிகிற இடத்தில், ஒரு கல்லின் மேல் இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டு தலையில். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

படகு நிற்பதற்குள் குதித்து ஓடினேன். முகம் வெளுத்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். பாதம் இரண்டும் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"எப்போலேருந்து உக்காந்திருக்கீங்க?"

"எட்டு, எட்டரை இருக்கும். வழி முடிஞ்சு போச்சு. அதான் உக்காந்துட்டேன்."

மணி பதினொன்றரை. "வந்த வழியே திரும்பியிருந்தா இத்தினி நேரத்துக்குச் சோறு தின்னுட்டு இருப்பீங்களே."

"எப்படித் திரும்பறது? மலை இடது கைப் பக்கம் ஆயிடுமே" என்றார். தொலைந்துபோனது அவருக்குத் தெரியவே இல்லை. போக வழியில்லை, திரும்ப முறையில்லை, யாராவது வருகிற வரைக்கும் இருப்போம் என்று இருந்திருக்கிறார்.

அந்தக் காரணத்துக்காகவே படகிலும் ஏற மாட்டேன் என்றார். படகும் வந்த வழியேதானே போகும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. என்ன தகராறு என்று அதிகாரி கேட்டாள். சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றி, மலையைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள்.

"படகில் பின்பக்கம் பார்த்து உட்காரட்டும்" என்றாள். "அப்போது மலை அவருக்கு வலது பக்கம்தான் இருக்கும்."

தமிழில் சொன்னேன். இவர் கையை நீட்டித் திசையைச் சரி பார்த்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பிறகு தலையாட்டினார். "அந்தம்மாவுக்கு விவரம் ஜாஸ்தி" என்றார்.

இவரை முன்னால், படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தோம். எதிரில் நான். அவர் வேறெங்கே பார்க்கப் பார்த்தாலும் குறுக்கே என் முகம்தான்.

"எவ்ளோ தூரம் போவுது இது?" என்றார், மலையைக் காட்டி.

"நாப்பது மைலாம். அப்புறம் வேற மலையோட சேந்துக்குதாம். சுத்தவே முடியாதுன்னு சொன்னாங்க."

தலையில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா அடிமுடி இல்லாதவன், அடிமுடி இல்லாதவன்னு சொல்லிக்கிட்டே சுத்தி முடிச்சுட்டு வந்து இட்டிலி தின்னுட்டு இருந்தேன் சரோஜா. இன்னிக்கு அந்தக் கல்லு மேல உக்காந்து அண்ணாந்து பாத்தப்பதான், அப்படின்னா என்னன்னு தெரிஞ்சுது. உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு." கண்ணிலிருந்து வழிந்தது. துடைக்கவில்லை. பெயரில்லாத அந்த மலையைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கும் கை தானாக ஏறியது.

ஒரு வளைவு தாண்டியது.

"பயந்துட்டியா?" என்று கேட்டார்.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. வேலூரில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதுகூட, எருமைக்குத் தவிடு வைத்தார்களா என்றுதான் கேட்டார்.

"ஆமா" என்றேன். "நீங்க செத்துட்டீங்கன்னே நெனைச்சேன். செருப்பைப் பாக்கற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

நான் குனிந்து, அவர் கால் இரண்டையும் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அன்னிய மனுஷி பார்க்கிறாளே என்று இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுத்துக்கொள்ளவில்லை. ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிக் கழுவினேன். படகு கரையைத் தொடுகிற வரைக்கும் அவர் காலை நான் விடவில்லை.